இடது ஸ்பீக்கரின் இரண்டு வயர்கள்

ஸ்பீக்கர்களை ஓட்டுகிற புது ரிசீவர் வந்த அட்டைப்பெட்டி இன்னும் முன்னறை மூலையில்தான் கிடக்கிறது. மாடியில் கொண்டு போடும்மா என்று ஜெபா நாலு தடவை சொல்லிவிட்டாள். நான் போடவில்லை. அதன் மூடியைத் தூக்கினால் தெர்மோகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வருகிறது. நீங்கள் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது உங்கள் பெட்டிகளில் இருந்த அதே வாசனை. ஒரு காலத்தில் அது மூக்கில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். இப்போதும் படபடக்கிறது. காரணம்தான் வேறு.

நீங்கள் போய் ஒரு வருஷமும் பன்னிரண்டு நாளும் ஆகிறது. மஸ்கட்டுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள அத்தானுக்கு’ என்று தொடங்கி, தென்னைக்கு உரம் வைத்ததையும் நம் மகள் ஜெபாவுக்குப் பல் விழுந்ததையும் சொல்லி முடியும். கோபத்தில் ஒன்றுகூட எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்துவைத்து, இப்போது முகவரி இல்லாத ஒருவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் மொத்தமாக ஊருக்கு வந்தீர்கள். குளத்தூரில் இந்த வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் கொத்தனாரிடம் ஜன்னலைப் பற்றியும் படிக்கட்டைப் பற்றியும் பேசுவார்கள். நீங்கள் சுவருக்குள் ஸ்பீக்கர் வயர் போக வேண்டிய வழியைப் பற்றிப் பேசினீர்கள். கூடவே தாசு நின்றார். உங்களைவிடப் பத்து வயது இளையவர், ரோட்டடியில் ரேடியோ டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர், உங்களை அண்ணன் என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுகிறவர். சுவருக்குள் வயரை இழுத்ததெல்லாம் தாசுதான். ஆனால் கடைசி இணைப்பைக் கொடுக்க அவர் கை நீட்டியபோது, “மாறி நில்லுலே, இது ஒனக்க கடை ரேடியோ இல்ல” என்றீர்கள். ஐந்து ஸ்பீக்கருக்கும் நீங்களே வயரை முறுக்கிச் செருகினீர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு யார் தலையிலும் போட முடியாது.

இந்த வீட்டில் எங்களுக்கு அறைகள் இருந்தன. உங்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அறைக்கு நடுவில், டிவிக்கு நேர் எதிரே, அந்த மரூன் நிற சாய்வு நாற்காலி. எல்லா ஸ்பீக்கரும் அதைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தன. நானும் ஜெபாவும் சுவரோரம் சோபாவில் இருப்போம். வேலை இருந்தால் நான் அடுக்களை வாசலில் நின்று கேட்பேன். “படத்துக்கு அஞ்சு ஸ்பீக்கர், பாட்டுக்கு ரெண்டு” என்பது உங்கள் சட்டம். படம் போட்டால் பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரில் வந்துவிடும். பாட்டுக்கு இடதும் வலதும் மட்டும். இணைப்பு சரியாக இருந்தால் பாடுகிறவள் இரண்டுக்கும் நடுவில், ஆள் இல்லாத வெறும் இடத்தில், வந்து நிற்பாள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வீர்கள். நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். நூறு தடவையும் நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் டிசம்பரில் நம் சபையின் கரோல் குழு வீட்டுக்கு வந்தது. போதகரும், சபையின் பாட்டுக்குழுவை நடத்துகிற குயர் மாஸ்டரும் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்து எல்லாருக்கும் சாயா கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ரிசீவரைப் போட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு ஒன்றை வைத்தீர்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. வாய் தவறித்தான் சொன்னேன்.

“இஞ்ச பாருங்க, பாடுறவ நடுவில நிக்கல்லியே. ரெண்டு பக்கமுமா சிதறிக் கெடக்குதுல்லா.”

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கொஞ்சம் சிரித்துக்கொண்டே குயர் மாஸ்டரிடம் சொன்னீர்கள்:

“இவளுக்கு காது கெடையாது மாஸ்டரே. கொயருல நிண்ணு சும்மா வாய் அசைக்கியதாக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். தாசு சிரித்தார். பத்து வயது ஜெபாவும் சிரித்தாள். குயர் மாஸ்டர் சாயா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நான் அந்தக் குயரில் பதினான்கு வருஷமாக ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தவள். கிறிஸ்மஸ் ஆராதனையில் ஒரு சரணம் தனியாகப் பாடுகிறவள் நான்தான். சபையில் அதற்கு ‘டீச்சருக்க பாட்டு’ என்றே பெயர். பாறசாலைப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு சரணம்தான் கணக்கில் வராத சந்தோஷம்.

மறுவாரம் பயிற்சியில் அந்தச் சரணத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒங்க வீட்டு சாரு சொன்னதுக்குப் பொறவு நானும் கவனிச்சேன் டீச்சரே. நீங்க கொஞ்சம் இறங்குதீங்க.”

இறங்குகிறேன் என்றால் சுதி இறங்குகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பாட்டு டீச்சரின் ஆர்மோனியத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, கூடவே பாடிப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். கோயிலில் போய் நின்றால் முதல் அடியிலேயே நிறுத்திவிடுவேன். சரியாகப் பாடுகிறேனா இல்லையா என்று கேட்டுக்கொண்டே பாடினால் யாருக்கும் பாட வராது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.

நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. நெய்யாற்றின்கரைக்குப் போய்க் காது டாக்டரிடம் பரிசோதனை செய்துகொண்டு வந்தேன். இரண்டு காதும் நல்ல காது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை உங்கள் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தீர்கள்.

“இது செவிடு இல்லேண்ணு சொல்லுதுட்டி. காது உண்டுண்ணு சொல்லல்ல.”

நல்ல பேச்சுத்தான். நீங்கள் எப்போதும் நன்றாகப் பேசுவீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னீர்கள், காகிதத்தையும் சேர்த்து. நானும் கூடச் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாஷ்பேசின் முன்னால் நின்றபடியே போனீர்கள். டாக்டர் இதயம் என்றார். உங்களுக்காக நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷமான மனுஷன். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது.

இந்த வருஷம் ஐப்பசியில், துலாம் மாத இடியில் உங்கள் ரிசீவர் போயிற்று. பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டேன். பெரிய வெளிச்சம், ஒரு சத்தம், பிறகு உள்ளே எரிந்த நாற்றம். தாசு வந்து திறந்து பார்த்துவிட்டு, “இனி இத அடக்கம் பண்ணியதுதான் மைனி” என்றார். ஜெபா திருவனந்தபுரத்திலிருந்து போனில் சொன்னாள், டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான சவுண்ட்பார் ஒன்று வாங்கிவிடு, வயர் தொல்லை இல்லை, உனக்கு அது போதும் என்று. எனக்கு அது போதும் என்ற சொல் பிடிக்கவில்லை. ரிசீவர்தான் வாங்குவேன் என்று சொன்னேன்.

நெய்யாற்றின்கரைக் கடைக்குத் தாசும் கூட வந்தார். விற்பனைக்கு நின்றவன் முப்பது வயதுக்காரன். இது டீச்சர் என்று தாசு என்னைக் காட்டினார். நான் கேட்பதற்கெல்லாம் தாசைப் பார்த்துப் பதில் சொன்னான். முதலில் ஒன்பது ஸ்பீக்கரை ஓட்டுகிற ஒன்பது சானல் பெட்டியைக் காட்டினான். கூரையிலிருந்துகூடச் சத்தம் வரும், ஒவ்வொரு சானலுக்கும் இத்தனை வாட் என்றான்.

“இந்த வாட் எல்லா ஸ்பீக்கரும் ஒண்ணாட்டு ஓடுறப்போ உள்ளதா? இல்ல ஒரு சானல மட்டும் ஓட்டிப் பாத்த கணக்கா?” என்று கேட்டேன்.

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். அட்டையைத் திருப்பிப் படித்தான். “ஒரு சானல் டீச்சர்” என்றான்.

“அப்போ அஞ்சும் ஓடினா அத்தனை கிட்டாது. எனக்க ஸ்பீக்கரெல்லாம் ஆறு ஓம். இது ஆறு ஓமுக்குத் தாங்குமா? ரூம் பன்னெண்டுக்குப் பதினாலு. கூரையில ஸ்பீக்கர் வைக்கப் போறதும் இல்ல.”

“டீச்சருக்கு இதொக்கெ எங்ஙன அறியாம்?” என்று மலையாளத்தில் கேட்டான், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

பதினேழு வருஷம் அடுக்களை வாசலில் படித்தது என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஏழு சானல் பெட்டியை எடுத்தேன். சின்னது, மேலே காற்று போக நல்ல இடைவெளி உள்ளது, டிவியோடு ஒரே கேபிளில் இணைகிறது. அதற்கு ஒரு சின்ன மைக் உண்டு. நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் எழுப்பி, அது மைக்குக்கு எப்படி வருகிறது என்று அளந்து, தூரத்தையும் அளவையும் தானே சரிசெய்துகொள்ளும். இணைப்பில் தப்பு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். உங்கள் பழைய பெட்டியோடும் அப்படி ஒரு மைக் வந்திருந்தது என்பது உங்கள் மேசையைச் சுத்தம் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உறையைப் பிரிக்கவே இல்லை நீங்கள்.

தாசு தயங்கினார். “அண்ணன் உண்டும்னா இத எடுக்க விடமாட்டாரு மைனி. மிஷின் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்ணு சொல்லுவாரு.”

“அதுக்குத்தானே எடுக்கியேன்” என்றேன்.

அப்போது அது வெறும் வீம்பு. பழிவாங்க ஒரு காரணம் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் நானே மாட்டினேன். தாசு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். பழைய பெட்டியின் பின்னால் இருந்த வயர்களுக்கு ஒவ்வொன்றாகக் காகிதம் ஒட்டி எழுதி, கழற்றி, புதியதில் அதே போல் மாட்டினேன். பிறகு உங்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் விறகுப்புரையில் போட்டேன். கனமான நாற்காலி. வாசலில் இடித்து ஒரு கால் கீறிப்போயிற்று. நடுவில் என் பிரம்பு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் புத்தகங்களை அடுக்கி, என் காது எங்கே இருக்குமோ அங்கே மைக்கை வைத்தேன். பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன். அறை அமைதியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தேன்.

இடது ஸ்பீக்கர் ஊய்ங் என்றது. நடு, வலது, பின்னால் இரண்டு, பிறகு தடித்த சத்தத்துக்கான பேஸ் பெட்டி. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. டிவியில் ஒரு வரி வந்தது. முன் இடது ஸ்பீக்கரின் வயர் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது, சரிபாருங்கள் என்று.

நான் மாட்டியதில் தப்போ என்று பார்த்தேன். இல்லை. சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதே வரி. ரிசீவர் பக்கம் சரி. அப்படியென்றால் தப்பு மறுமுனையில், ஸ்பீக்கரின் முதுகில், பதினெட்டு வருஷமாக யாரும் கை வைக்காத இடத்தில்.

தாசு வந்ததும் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“மிஷின் சில நேரம் தப்பாட்டும் காட்டும் மைனி.”

“அப்போ மிஷின் வேண்டாம். பேட்டரி வச்சுப் பாப்போம்.”

இதுவும் அடுக்களை வாசலில் படித்ததுதான். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். இரண்டு ஸ்பீக்கரின் துணி மூடியையும் எடுத்தேன். வலது ஸ்பீக்கரின் வயரை ரிசீவரிலிருந்து எடுத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டேன். டப் என்று அதன் வட்டம் வெளியே வந்தது. இடது ஸ்பீக்கரின் வயரை அதே போல் தொட்டேன். வட்டம் உள்ளே போயிற்று. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒன்று கொடுத்ததை மற்றது எடுத்துவிடுகிறது. பாடுகிறவள் எப்படி நடுவில் நிற்பாள்?

நான் சொன்னது சரி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் முன்னால் நான் சொன்னது சரி.

தாசு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, அவருக்கு இது புதுச் செய்தி அல்ல.

“தாசே, ஒனக்குத் தெரியும் இல்லியா?”

“ரெண்டாம் வருஷம் மைனி. இடது பெட்டிக்குப் பொறத்த பல்லி செத்துக் கெடந்து நாறிச்சுல்லா, அத எடுக்கப் போனப்போ பாத்தேன். சிவப்பும் கறுப்பும் மாறிக் கெடந்து.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

“சொன்னேன். மாத்திக் குடுக்கட்டாண்ணும் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

நான் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“வேண்டாம்லேண்ணு சொன்னாரு. இப்போ மாத்தினா அவ அண்ணைக்கே கண்டுபிடிச்சிருவா, காது உள்ளவளாக்கும்ணு சொன்னாரு.”

காது உள்ளவள். இந்த ஒரு வார்த்தையை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம். தாசிடம் சொன்னீர்கள். எனக்குக் காது உண்டு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் வயரை மாற்றவில்லை. மாற்றினால் நான் அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்போ நடுவில நிக்குதே” என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதற்காக, உயிராய் நேசித்த பாட்டையெல்லாம் பதினாறு வருஷம் கெட்டுப்போன சத்தத்தில் கேட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. காகிதத்தின் கதையை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்லிக்கொண்டு.

“நீயும் சிரிச்சியே தாசே, வருஷா வருஷம்” என்றேன்.

“பொறுக்கணும் மைனி. அண்ணனுக்க வாய்ல இருந்து வந்தத நான் எப்பிடி...” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. வயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம். நினைவு ஜெபம் வரைக்கும் அப்பிடியே கெடக்கட்டு.”

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். சாயங்காலம் நாலு மணி. போதகர் ஜெபித்தார், ஜெபா வேத பாடம் வாசித்தாள். சாயாவும் வடையும் கொடுத்த பிறகு நான் எழுந்து, அவங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்று போடுகிறேன் என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம். குயர் மாஸ்டரைக் கைபிடித்து அழைத்துவந்து நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். இப்போது எழுபது வயதாகிறது அவருக்கு. நீங்கள் அன்றைக்குப் போட்ட அதே பாட்டைப் போட்டேன்.

பாதியில் நிறுத்தினேன். “இதுதான் அவங்க எனக்குக் காது இல்லேண்ணு சொன்ன அண்ணைக்கு நீங்க எல்லாரும் கேட்டது” என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிசீவரின் பின்னால் குனிந்து, இடது ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மாற்றிச் செருகினேன். “இப்பிடிக் கேக்கணும்ணுதான் நான் அண்ணைக்குச் சொன்னது.” மறுபடி போட்டேன்.

அவள் வந்தாள். டிவிக்கு மேலே, சுவரில் உங்கள் படம் மாட்டியிருக்கிற இடத்துக்கு நேர் கீழே, ஒரு பெண் வந்து நின்று பாடினாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். இந்த நிமிஷத்துக்காக இரண்டு வாரம் தூங்காமல் காத்திருந்தேன்.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுபோலத்தானே கேக்குது டீச்சரே?” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் வடையை எடுத்துக் கடித்தார்.

அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் இறங்குகிறேன் என்று தீர்ப்புச் சொன்ன காது அது. அந்தக் காதை நம்பித்தான் நான் வாயை மூடினேன். உங்களைப் பழிவாங்க நான் கூட்டிவைத்த சாட்சிகளில் ஒருவருக்கும் காது இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது தாசு எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பல்லியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் சொன்ன வாக்கியத்தை, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் குரலிலேயே சொன்னார். காதால் கேட்டுப் புரியாதவர்களுக்கு அது புரிந்தது. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு போயிற்று. மாஸ்டர் சாயா கிளாசைக் கீழே வைத்தார். போதகர் கடைசி ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்.

ஜெபா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அப்பா போயாச்சும்மா. இப்போ யாருக்க மேல கல்லு எறியுத?”

“எறிய ஆள் இல்லாம போனதுதான் மக்கா எனக்கு ஆத்திரம்” என்றேன்.

எல்லாரும் போன பிறகு அவள் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதிரியும் போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “மொதல்ல உள்ளதுல அவ எங்க நிக்காண்ணே தெரியல்ல. இதுல எனக்கு நேரே நிக்கா” என்றாள். கொஞ்சம் கழித்து, “நானும் சிரிச்சேனேம்மா” என்றாள். பத்து வயதில் சிரித்ததற்கு இருபத்தெட்டு வயதில் அழுதாள். அவளை நான் அணைத்துக்கொண்டேன். அது உங்கள் கணக்கில் சேரும் இன்னொன்று.

அடுத்த வாரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் அதற்காகத்தான் வந்திருந்தார். இந்தக் கிறிஸ்மஸுக்கு அந்தச் சரணத்தை நான் பாட வேண்டும் என்றார். சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்றேன். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள், நல்ல விதமாகத்தான் பார்த்தார்கள். சரணம் வந்தது. முதல் அடியைப் பாடினேன். இரண்டாம் அடியில் மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. இருமிவிட்டு மறுபடி பாடினேன். மறுபடியும் பிளந்தது.

“பரவாயில்ல டீச்சரே, போகப் போகச் சரியாவும்” என்றார் மாஸ்டர்.

சரியாகாது என்பது எனக்குக் கேட்டது. அறுபத்தொரு வயதுத் தொண்டை அது. பாட வேண்டிய வருஷங்களில் பாடாமல் கிடந்து துருவேறிய தொண்டை. பாட்டுக் காகிதத்தைப் பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் கொடுத்தேன். அவள் நன்றாகவே பாடினாள். நான் வரிசையில் நின்று, கீழே உள்ள சுரங்களை மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து பாடிவிட்டு வந்தேன். வயரை மாற்றிச் செருக ஒரு நிமிஷம் ஆயிற்று. நீங்கள் எடுத்துக்கொண்டு போனதை மாற்றிச் செருக எனக்கு வழி தெரியவில்லை.

கல்லறையில் பதிக்கிற கல்லுக்கு வாசகம் எழுதி ஜெபா காட்டினாள். உங்கள் பெயருக்குக் கீழே ‘இசையை அறிந்தவர்’ என்று போட்டிருந்தாள். எழுதியது நினைவு ஜெபத்துக்கு முன்னால், பாவம். ‘அறிந்தவர்’ என்பதை அடித்துவிட்டு ‘நேசித்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மை. உங்களைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன், நல்லதிலும் சரி, கெட்டதிலும் சரி.

உங்களிடம் நான் மன்னித்தவை நிறைய உண்டு. பிரசவத்துக்கு வராததை மன்னித்தேன். என் அப்பாவின் அடக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை மன்னித்தேன். இதை மன்னிக்கவில்லை. போதகரிடமும் சொல்லிவிட்டேன். அவர் வேத வசனம் சொன்னார். கேட்டுக்கொண்டேன். வசனத்தில் தப்பில்லை, எனக்குத்தான் இன்னும் முடியவில்லை என்றேன்.

இப்போதும் கறிக்கு உப்பு சரியா என்று இரண்டு தடவை ருசி பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறேன். ஒரு மனுஷி தன் காதை நம்பாமல் போனால், பிறகு கையையும் நாக்கையும் நம்புவதில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான். கூடவே இந்தக் கோபமும். இரண்டில் ஒன்று தேய்ந்துகொண்டு வருகிறது. எது என்று சொல்ல மாட்டேன்.

அடக்கத்தன்று எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள், ஒருநாள் மறுகரையில் அவரைப் பார்ப்பீர்கள் டீச்சர் என்று. அன்றைக்கு அது காதில் விழவே இல்லை. இப்போது அதை நான் உறுதியாக நம்புகிறேன். பார்ப்பேன். அங்கே உங்களைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போதுதான் வருவேன். அவர்கள் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எனக்குக் காது உண்டா, இல்லையா? நன்றாகப் பேசத் தெரிந்தவர் நீங்கள். பதிலை இப்போதே யோசித்து வைத்திருங்கள்.